மண்ணெண்ணெயும் தோட்டக் கிணறும்

எரிபொருள் தட்டுப்பாடு என்றவுடன் இருண்ட வீடும் ஓடாத வாகனமுமே நினைவுக்கு வரும். எமது குடாநாட்டில் அது முதலில் வந்து தொடுவது கிணற்றைத்தான். வற்றாத ஆறு எதுவும் இங்கில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கற்பாறைக்குள் இறங்கித் தங்குகின்றது. அதனை மேலே தூக்கினால்தான் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் உண்டு. தூக்கும் சக்தி எவ்வளவோ, தோட்டமும் அவ்வளவே.

எமது பாட்டன்மார் காலத்தில் துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடித்து ஊற்ற ஒருவர், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற இன்னொருவர் என ஒரு குடும்பமே கிணற்றடியில் நின்றது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் ஒருவரே போதுமாயிற்று. மிஞ்சிய கைகள் பள்ளிக்கூடத்துக்கும் வேறு தொழிலுக்கும் போயின. பொருளாதார வளர்ச்சி என்று படித்தவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்: ஒருவரின் ஒருநாள் உழைப்பு முன்னையிலும் கூடுதலாகப் பலன் தருவது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் இது தலைகீழாயிற்று. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பெற்றோல், பசளை, பற்றறி யாவற்றுக்கும் தடை அல்லது கட்டுப்பாடு. வந்த சிறிதளவும் கொழும்பு விலையிலும் பல மடங்கு. சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிளையும், சைக்கிள் டைனமோவில் பாடிய வானொலியையும், ஜாம் போத்தல் விளக்கையும் இன்றும் பலர் பெருமையுடன் சொல்வர். பெருமைப்படலாம். ஆனால் அந்தக் கெட்டித்தனம் முழுவதும் இருந்த இடத்தில் நிற்பதற்கே செலவாயிற்று. வளர்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

பத்துப் பரப்புச் செய்த ஒருவர் மூன்று பரப்புடன் நின்றால் என்ன நடக்கும்? முதலில் களை பிடுங்க வந்த கூலிப்பெண்ணுக்கு வேலை போகும். பிறகு கடைக்காரரின் கடன் கொப்பி நீளும். லொறி ஓடாதபடியால் விளைந்ததும் தென்னிலங்கைச் சந்தைக்குப் போகாது. விற்கும் பொருள் மலிய, வாங்கும் பொருள் ஏறும். காணியில்லாதவரே முதலில் விழுந்தனர். 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் 1990 உடன் நின்றது.

வலிகாமம் வடக்கின் செம்பாட்டுத் தோட்டங்களை விட்டு அவ்வாண்டில் வெளியேறியோர் கிணற்றையும் இயந்திரத்தையும் சேர்த்தே இழந்தனர். பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்தவருக்குக் குத்தகைக்கு முன்னரே எண்ணெய்ச் செலவு வந்து நின்றது. உழைப்பு இருந்தது, அனுபவமும் இருந்தது. தண்ணீரைத் தூக்க வழியில்லை.

போர் முடிந்தபின் 2013 இல் தேசிய மின்வலையமைப்புக் குடாநாட்டை மீண்டும் எட்டியது. இதற்கிடையில் சுன்னாகம் மின்நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை வேறொரு துயரம். 2019 இல் உயர் நீதிமன்றம் மக்களுக்கு நட்டஈடு வழங்கப் பணித்தது.

தட்டுப்பாடு போரால் மட்டுமே வருவதன்று என்பதை 2022 காட்டியது. நாட்டிடம் டொலர் இல்லை; ஆகவே எண்ணெயும் இல்லை. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. கொழும்பின் கையிருப்புக் குறைந்தால் எமது வாய்க்கால் காயும்.

காணி விடுவிக்கப்பட்டுத் திரும்பியோர் பலர் இப்போது சூரிய சக்தி இயந்திரம் பற்றிக் கேட்கின்றனர். நல்லதுதான், வெயிலுக்குத் தடை போட எவராலும் முடியாது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் விலை எம்மை அறியாமலே இறைப்புக்கு ஒரு கடிவாளமாக இருந்தது. எமது நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. செலவில்லை என்று நாள் முழுவதும் இறைத்தால் உவர் மேலேறும். கிணற்றைத் தூர்வாரி, காலையில் இறைத்து, நீர் எவ்வளவு நேரத்தில் ஊறித் திரும்புகின்றது என்று சில நாட்கள் பார்த்த பின்னரே எந்த அளவு இயந்திரம் என்பதை விவசாயப் போதனாசிரியருடன் பேசித் தீர்மானிக்கலாம். அயலில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும்.