பொம்மை மாட்டின் எடை என்ன?

நவராத்திரி நாட்களில் தஞ்சை, கும்பகோணம், மாயவரம் பக்கத்து வீடுகளில் கொலுப் பார்க்கப் போயிருப்பீர்கள். சுண்டலில் கவனம் போய்விடாமல் படிகளை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். சில வீடுகளில் பொம்மைகளை மனம்போனபடி அடுக்குவதில்லை. அடிப்படியில் செடி கொடிகள், அதற்கு மேல் சங்கும் நத்தையும், அடுத்து எறும்பும் கறையானும், பிறகு நண்டும் தும்பியும், அதற்கும் மேலே ஆடு மாடு யானைகள், அப்புறந்தான் மனிதர்கள் என்று ஏறிக்கொண்டே போகும். ஓரறிவு உயிரிலிருந்து ஆறறிவு உயிர்வரை தொல்காப்பியத்தின் மரபியல் கூறும் வரிசை இதுவே. நத்தைக்கும் கண் உண்டு என்று கண்டுவிட்ட இன்றைய உயிரியல் இந்த அறிவுக் கணக்கை அப்படியே ஏற்பதில்லை. ஆனால், கண்ணில் பட்ட உயிர்களையெல்லாம் ஏதோ ஓர் ஒழுங்கில் அடுக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறதே, அதுதான் வகைப்பாட்டியலின் தொடக்கம்.

இனி அந்தப் பொம்மைகளைக் கொஞ்சம் சோதிப்போம். எறும்புப் பொம்மையின் ஆறு கால்களும் நடு உடலாகிய மார்பிலிருந்து கிளம்புகின்றனவா, அல்லது வயிற்றிலும் இரண்டு முளைத்திருக்கின்றனவா? சிலந்திக்கு எட்டுக் கால் இருக்கிறதா? நண்டின் கொடுக்குகளையும் சேர்த்துப் பத்து வருகிறதா? கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் பசுவைப் பாருங்கள்: கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும், திமில் இராது, கழுத்தின் கீழே அலைதாடி தொங்காது. அது ஐரோப்பியப் பசு. காவிரிப் படுகையில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவனின் பொம்மைப் பெட்டியில் ஆப்பிரிக்கச் சிங்கம் இருக்கிறது, வரிக்குதிரை இருக்கிறது, உம்பளாச்சேரி மாடு மட்டும் இல்லை!

உயிரினங்களின் சிறு உருவங்களைச் சரியான அளவில் செய்வதும், அவற்றைத் தேடிச் சேர்ப்பதும் உலகெங்கும் பலர் ஈடுபட்டுள்ள ஒரு பொழுதுபோக்கு ஆகும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்காக இன்விக்டா என்ற நிறுவனம் 1974 முதல் டைனசார் உருவங்களைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. பெரும்பாலானவை உண்மை உடலில் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. கூடவே ஒரு நீலத் திமிங்கலமும் உண்டு. ஜப்பானில் 1999-இல் சாக்லேட் முட்டைகளுக்குள் அந்நாட்டு விலங்குகளின் நுணுக்கமான சிற்றுருவங்களை வைத்து விற்றார்கள். முட்டைக்குள் இருந்த உருவத்துக்காகவே அவற்றை வாங்கிய பெரியவர்கள் ஏராளம்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடிகள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த லியோபோல்டு பிளாஷ்காவும் அவர் மகன் ருடால்ஃபும். ஜெல்லி மீனைச் சாராயத்தில் போட்டு வைத்தால் நிறம் போய், உருவம் குலைந்துவிடும். மாணவர்களுக்கு எதைக் காட்டுவது? லியோபோல்டு 1863-இல் டிரெஸ்டன் அருங்காட்சியகத்திற்காகக் கண்ணாடியிலேயே கடல் உயிர்களைச் செய்து கொடுத்தார். பின்னர் தந்தையும் மகனுமாக, தந்தைக்குப் பிறகு மகன் தனியாக, 1887 முதல் 1936 வரை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் செய்தளித்த கண்ணாடிச் செடிகளும் பூக்களும் 4,000-க்கும் அதிகம்.

நம் தஞ்சையிலும் இதற்கு ஒரு கதை உண்டு. 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி உடற்கூற்றியலில் பெரும் ஆர்வம் கொண்டவர். ஆனால் மனித எலும்பை வீட்டில் வைத்துப் பழகுவது அவருடைய சமய ஆசாரத்திற்கு ஒவ்வாதது. என்ன செய்தார் தெரியுமா? யானைத் தந்தத்தில் செதுக்கிய எலும்புக்கூடு ஒன்று வேண்டுமென்று இங்கிலாந்துக்குச் சொல்லியனுப்பினார்! ஆசாரமும் கெடவில்லை, பாடமும் நிற்கவில்லை. பிற்காலத்தில் அதே அரண்மனைக்கு, 1955-இல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய ஒரு திமிங்கலத்தின் உண்மையான எலும்புக்கூடே வந்து சேர்ந்தது.

சங்குப் பொம்மையில் நிகழும் தவறு சுவையானது. நத்தையையோ சங்கையோ கூர்நுனி மேலே இருக்கும்படியும், வாய் உங்களைப் பார்க்கும்படியும் பிடியுங்கள். வாய் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். நம் வயல் வாய்க்காலில் கிடக்கும் ஆப்பிள் நத்தையும் அப்படித்தான். படத்தைத் திருப்பி அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்துச் செய்த பொம்மையில் வாய் இடப்பக்கம் வந்துவிடும். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்ற அந்த உருவத்தை எப்படிச் சுழற்றினாலும் சரியான உருவமாக மாற்ற இயலாது. இயற்கையில் மிக அரிதாக இடப்பக்க வாயுடன் பிறக்கும் சங்கைத்தான் நாம் ‘வலம்புரி’ என்று போற்றுகிறோம். விலங்கியலாரோ அதை ‘இடஞ்சுழி’ என்பார்கள். இதில் சண்டைக்கு இடமில்லை. நாம் சங்கின் மூக்கை மேலே வைத்துப் பிடிக்கிறோம். அவர்கள் கூர்நுனியை மேலே வைக்கிறார்கள். தலைகீழாகப் பிடித்தால் வாய் பக்கம் மாறித் தெரிகிறது, அவ்வளவே.

இப்போது என் துறைக்கு வருகிறேன். பொம்மை மாட்டைக் கொண்டு உண்மை மாட்டின் எடையைக் காண முடியுமா? முடியும். ஆர்க்கிமிடிஸும் கொஞ்சம் பெருக்கலும் போதும்.

திமிலும் அலைதாடியும் உள்ள ஒரு நாட்டுப் பசுப் பொம்மை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். தோள்வரை அதன் உயரம் 7 செ.மீ. உம்பளாச்சேரிப் பசுவின் உயரம் சுமார் 105 செ.மீ. ஆகவே பொம்மை பதினைந்தில் ஒரு பங்கு அளவுடையது. ஓர் எவர்சில்வர் பாத்திரத்தை விளிம்புவரை நீரால் நிரப்பி, ஒரு தாம்பாளத்தில் வையுங்கள். பொம்மையை மெல்ல முழுவதும் அமிழ்த்துங்கள். உள்ளே கூடாக இருந்தால் மிதக்கும். துளைகளை மெழுகால் அடைத்து, மெல்லிய கம்பியால் அழுத்துங்கள். வழிந்த நீரை மருந்துப் புட்டியோடு வரும் அளவுக் குப்பியால் அளந்து பாருங்கள். 90 மில்லி லிட்டர் என்று கொள்வோம்.

நீளம் 15 மடங்கானால் பரப்பு 15 × 15, அதாவது 225 மடங்காகும். கன அளவோ 15 × 15 × 15, அதாவது 3,375 மடங்கு. 90-ஐ 3,375-ஆல் பெருக்கினால் 3,03,750 மி.லி.; ஏறத்தாழ 304 லிட்டர். விலங்குகளின் உடல் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால் (நீங்கள் குளத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்) பசுவின் எடை சுமார் 300 கிலோகிராம் எனலாம்.

அளவுகோலை வைத்தபோது கை சற்றே நழுவி, பொம்மையின் உயரத்தை 7.5 செ.மீ. என்று குறித்துவிட்டால்? விகிதம் 15-க்குப் பதில் 14 ஆகிவிடும். 14-இன் கனம் 2,744. பசுவின் எடை 247 கிலோவாக இறங்கிவிடும். அரை சென்டிமீட்டர் தவறில் ஐம்பது கிலோவுக்கு மேல் போய்விட்டது! நீளத்தில் ஏற்படும் பிழை கன அளவில் மும்முறை பெருகுகிறது. ‘பொம்மைதானே, கொஞ்சம் பருமனாக இருந்தால் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

காகிதக்கூழ் பொம்மையைத் தண்ணீரில் போட்டுவிட்டு வீட்டாரிடம் திட்டு வாங்காதீர்கள். அதற்குக் கேழ்வரகு இருக்கிறது. பாத்திரத்தில் தலைதட்டி நிரப்பிய கேழ்வரகைக் கொட்டிவிட்டு, பொம்மையை உள்ளே வைத்து, மறுபடி அதே கேழ்வரகைத் தலைதட்ட நிரப்புங்கள். மீந்த கேழ்வரகின் அளவே பொம்மையின் கன அளவு.

இது விளையாட்டல்ல. நியூயார்க் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எட்வின் கோல்பர்ட் 1962-இல் டைனசார் உருவங்களை மணலில் புதைத்து, இதே முறையில்தான் அவற்றின் எடையைக் கணக்கிட்டார். பிராக்கியோசாரஸ் என்னும் நெடுங்கழுத்து விலங்குக்கு அவர் கண்ட எடை சுமார் 78 டன். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த மக்நீல் அலெக்சாண்டர், லண்டன் அருங்காட்சியகத்தில் விற்ற பிளாஸ்டிக் உருவங்களையே வாங்கி, தண்ணீரில் எடைபோட்டு, நூலில் தொங்கவிட்டு ஈர்ப்பு மையத்தையும் கண்டு, 1985-இல் முடிவுகளை வெளியிட்டார். அவருக்குக் கிடைத்தது சுமார் 47 டன்தான். ஒரே விலங்கு, 31 டன் வித்தியாசம்! கோல்பர்ட் பயன்படுத்திய உருவம் சற்றுக் கொழுத்தது. அலெக்சாண்டருடையது சற்று மெலிந்தது. ஒவ்வொரு திசையிலும் வேறுபாடு கால் பங்குக்கும் குறைவே. சிற்பியின் கை செய்த அந்தச் சிறு வேறுபாடுதான் முப்பது டன்னாக வளர்ந்தது. எலும்பு கிடைக்கிறது, சதை கிடைப்பதில்லை. எலும்பின் மேல் எவ்வளவு சதை போர்த்துவது என்பது ஒவ்வொரு தலைமுறையின் ஊகத்தைப் பொறுத்தது. லண்டனில் 1854-இல் நிறுவிய இகுவானோடான் சிலைக்கு மூக்கின் மேல் ஒரு கொம்பு வைத்தார்கள். 1878-இல் பெல்ஜியத்துச் சுரங்கம் ஒன்றில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அது கொம்பல்ல, கட்டைவிரல் என்று தெரிந்தது. சிலை இன்றும் மூக்குக் கொம்போடுதான் நிற்கிறது.

நீங்களே செய்யத் தொடங்கினால் சிங்கத்தை விட்டுவிட்டு வயலிலிருந்து தொடங்குங்கள். காவிரி வண்டலுக்குப் பஞ்சமில்லை. குயவரிடம் கேட்டால் பிசைந்த களிமண் ஒரு உருண்டை தருவார். ஒன்றை மறவாதீர்கள்: களிமண் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணைப் பொறுத்தது. சரியாக 10 செ.மீ. நீளமுள்ள ஒரு பட்டையைச் செய்து, சுட்டு, மறுபடி அளந்தால் உங்கள் மண்ணின் கணக்கு கிடைத்துவிடும். உம்பளாச்சேரிக் கன்று செய்தால் செம்பழுப்பு நிறம் பூசுங்கள். வளர வளரத்தான் அது சாம்பல் நிறமாகும். நெற்றிச் சுட்டியையும் காலடி வெள்ளையையும் விட்டுவிடாதீர்கள்.

சிறியதைப் பெரிதாக்கியும் செய்யலாம். நெல்லைக் காயவைக்கும் புகையான் பூச்சி சுமார் 4 மி.மீ. நீளம், 50 மடங்கு பெரிதாக்கினால் 20 செ.மீ. உருவம். ஆனால் எந்தப் புகையானைச் செய்வீர்கள்? ஒரே இனத்தில் குட்டைச் சிறகு உள்ளதும் உண்டு, நெட்டைச் சிறகு உள்ளதும் உண்டு. பயிர் செழிப்பாக இருக்கும்போது பறக்கத் தேவையில்லாத குட்டைச் சிறகுப் பூச்சிகள் அங்கேயே பெருகுகின்றன. நெரிசல் கூடி, பயிர் வாடத் தொடங்கியதும் நெட்டைச் சிறகோடு பிறந்தவை அடுத்த வயலுக்குப் பறக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், அதைப் பார்க்கும் விவசாயி உங்களிடம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார், தயாராகப் போங்கள். அதன் மெல்லிய கால்களைக் கண்டு, இத்தனை பெரிய பூச்சி உண்மையில் இருந்தால் என்ன ஆகும் என்று சிலர் அஞ்சக்கூடும். அஞ்ச வேண்டாம். எடை நீளத்தின் கனத்தில் ஏற, காலின் வலிமை குறுக்குப் பரப்பின் அளவில் மட்டுமே ஏறும். அது தன் எடையைத் தாங்காமல் விழுந்துவிடும். யானைக்கு ஏன் தூண் போன்ற கால்கள் என்பதற்கும் இதே காரணந்தான். கலிலியோ 1638-இலேயே இதை விளக்கிவிட்டார்.

ஒவ்வொரு உருவத்தின் கீழும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், எந்த ஊரில் காண்பது, ஆணா பெண்ணா, விகிதம் எவ்வளவு. விகிதம் எழுதாவிட்டால் ஒரே படியில் நிற்கும் எலியும் யானையும் ஒரே அளவு என்றுதான் தம்பி தங்கைகள் நினைப்பார்கள்.

மேற்படியில் ஒரு டைனசார் வைக்க ஆசைப்படுவீர்கள். அதற்கும் வெளிநாடு போக வேண்டாம். கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போனால் அரியலூர். அங்கே கள்ளமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் 1987-இல் ‘புருகத்காயோசாரஸ்’ என்று ஒரு விலங்குக்குப் பெயரிட்டார்கள். பேருடல் பல்லி என்று பொருள். காலம் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன். அதன் கீழ்க்கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம்! முதலில் அதை ஊன் தின்னும் டைனசார் என்றார்கள். பின்னர் நெடுங்கழுத்துத் தழையுண்ணி என்ற கருத்து வலுத்தது. சரிபார்க்கலாம் என்றால் எலும்புகள் இல்லை; உளுத்துப்போயிருந்த அவை உதிர்ந்து மண்ணாகிவிட்டன. எஞ்சியவை வரைபடங்களும், 2022-இல் வெளியான சில பழைய புகைப்படங்களுமே. ஒரேயொரு வார்ப்பாவது எடுத்து வைத்திருந்தால் இன்று அதை அளந்து பார்த்திருக்கலாம்.

ஆகவே கழுத்தையும் வாலையும் கற்பனையில் நீட்டாமல், அந்தக் கால் எலும்பை மட்டும் பத்தில் ஒரு பங்காகச் செய்யுங்கள். சுட்டெடுத்த பின் 20 செ.மீ. நீளம் வரவேண்டும். உங்கள் களிமண் பத்தில் ஒரு பங்கு சுருங்குவதாக இருந்தால், ஈரத்தில் 22 செ.மீ.க்குச் சற்று மேலாகப் பிடியுங்கள். சீட்டில் ‘கள்ளமேடு, 1 : 10’ என்று எழுதிவிட்டு, பக்கத்தில் அதே விகிதத்தில், பத்தரை செ.மீ. உயரத்தில் உம்பளாச்சேரிப் பசுவையும் நிறுத்துங்கள். அந்த எலும்பின் பாதி உயரத்துக்குச் சற்று மேலேதான் பசு எட்டும்.