சுவர் வெடிப்புக்களும் வர்ணப்பூச்சும்

சுவரை வைத்தே சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. உடல்நலம் பேணுமாறு அறிவுறுத்துவதற்கே இதனைப் பெரும்பாலும் எடுத்தாளுகின்றோம். ஆயினும், வீட்டுக்கு வர்ணம் பூச முற்படுவோர் இம்மொழியை அதன் நேர்ப்பொருளிலேயே நினைவிற் கொள்ளுதல் நன்று. நிறத்தைத் தெரிவதற்குப் பல நாட்களைச் செலவிடும் நாம், அந்நிறத்தைத் தாங்கப்போகும் சுவரை ஆராய ஒரு பொழுதையேனும் செலவிடுவதில்லை. அதனாலேயே, தைப்பொங்கலுக்குப் பூசிய வர்ணம் ஆடி பிறக்குமுன் கொப்புளித்து உரிவதையும், மறைத்துவிட்டோம் என்று எண்ணிய வெடிப்புக்கள் மீண்டும் கோடிட்டுத் தோன்றுவதையும் பல வீடுகளிற் காண்கின்றோம்.

முதலில், மயிரிழை போன்ற இவ்வெடிப்புக்கள் ஏன் உண்டாகின்றன என்பதை அறிதல் வேண்டும். சீமெந்துச் சாந்து நீரோடு கூடி இறுகுகின்றது. எஞ்சிய நீர் ஆவியாய் வெளியேறும்போது சாந்து சுருங்குகின்றது. அடியிலுள்ள கல்லோ அதனோடு சேர்ந்து சுருங்குவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே எழும் இழுவையினாலேயே மேற்பூச்சு நுண்ணிய கோடுகளாகப் பிளக்கின்றது. சீமெந்தை மிகுதியாகச் சேர்த்தாற் பூச்சு உறுதியாகும் என்பது பலருடைய எண்ணம். உண்மையில், சீமெந்து கூடுந்தோறும் சுருக்கமும் கூடும். மணலிற் களி கலந்திருத்தலும், பூசிய சுவரைச் சில நாட்களுக்கு நீர் தெளித்துப் பேணாமல் வெயிலிலும் சோளகக் காற்றிலும் உலரவிடுதலும் இதே தீங்கை விளைவிப்பன.

இவ்வாறு சுருக்கத்தால் வந்த வெடிப்புக்கள், வற்றிய குளத்தின் தரைபோல வலைப்பின்னலாகத் தோன்றும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கதவு, யன்னல் ஆகியவற்றின் மூலைகளிலிருந்து சரிந்து செல்லும் வெடிப்பும், கொங்கிறீற்று வளையும் கற்சுவரும் சந்திக்கும் இடத்திற் கிடையாக ஓடும் வெடிப்பும் வேறு வகையின. அவை சுவரின் அசைவைக் காட்டுவன. அகலத்தைக் கொண்டும் ஒருவாறு தெளியலாம். 0.1 மில்லிமீற்றருக்கு உட்பட்டதை மயிரிழை வெடிப்பு எனக் கொள்வர். 1 மில்லிமீற்றர் வரையிலானவற்றையும் வர்ணம் பூசும் வேலையோடு சேர்த்தே சீர்செய்துவிடலாம். 5 மில்லிமீற்றரை மிஞ்சிய வெடிப்பையோ, நாளுக்குநாள் வளரும் வெடிப்பையோ கட்டட அறிவுடையோரிடம் காட்டாது மூடுதல் தகாது.

வெடிப்பு வளர்கின்றதா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. வெடிப்பு முடியும் இடத்திற் பென்சிலால் ஒரு குறுக்குக்கோடு இட்டுத் திகதியையும் எழுதிவைக்க வேண்டும். ஒரு மாரியும் ஒரு கோடையும் கழிந்த பின்னரும் வெடிப்பு அக்கோட்டைத் தாண்டாதிருப்பின், அது ஓய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

அடுத்து நோக்க வேண்டியது ஈரம். நமது வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி பொழிகின்றது. பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கமோ, சுவர் நீரை நிறையக் குடித்திருக்கும் அந்நாட்களிலேயே வந்து சேர்கின்றது. சுண்ணாம்பு பூசிய காலத்தில் இதனால் இடர் விளையவில்லை. சுண்ணாம்பு ஈரச் சுவரிற் பிடிப்பது. சுவரின் ஈரம் தன்னூடே வெளியேற இடங்கொடுப்பது. இன்று நாம் பூசும் எமல்சன் வர்ணமோ உலர்ந்ததும் மெல்லிய தோல்போலப் படிந்துவிடுகின்றது. உள்ளே அகப்பட்ட ஈரம் அத்தோலைத் தள்ளிக் கொப்புளிக்கச் செய்கின்றது. வழக்கம் பழையது, பூச்சு புதியது. இரண்டும் ஒத்துப்போகா என்பதை உணர்ந்து, மாசி நடுப்பகுதி தொடக்கம் சித்திரை வரையுள்ள உலர்நாட்களை வடகிழக்கிலுள்ளோர் இவ்வேலைக்குத் தெரிதல் சிறந்தது. கொழும்புப் பகுதியிலுள்ளோர்க்குத் தையும் மாசியுமே தக்க காலம்.

சுவர் உலர்ந்ததா என்பதில் ஐயமிருப்பின், ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டை நான்கு விளிம்பும் நன்கு ஒட்டுமாறு சுவரிற் பதித்து, ஒருநாள் கழித்து நோக்குக. உட்புறத்தில் நீர்த்துளி அரும்பியிருந்தாற் காத்திருத்தல் வேண்டும். புதிதாகச் சீமெந்து பூசிய சுவருக்கு நான்கு வாரமேனும் இடைவெளி கொடுத்தல் முறை.

இனி வேலைமுறையைக் காண்போம். முதலிற் சுவரை விரல் மடித்துத் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளென ஒலிக்கும் இடத்திற் பூச்சு கல்லைவிட்டுக் கழன்றிருக்கும்; அதனை வெட்டியெடுத்துப் புதிதாகப் பூசுவதே வழி. உரியும் பழைய வர்ணத்தையும், கையிற் பொடியாய் ஒட்டும் சுண்ணாம்பையும் சுரண்டி நீக்குதல் வேண்டும். உவர் பூத்திருப்பின் உலர்ந்த தூரிகையாற் தட்டி எடுக்கவேண்டும். நீரூற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து மீண்டும் சுவருக்குட் சென்றுவிடும்.

பின்னர், சுரண்டுதகட்டின் மூலையால் வெடிப்பை இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலத்துக்குக் கீறித் திறத்தல் வேண்டும். இருக்கும் வெடிப்பை மேலும் பெரிதாக்குவதா எனச் சிலர் தயங்குவர். மயிரிழைக்குட் புட்டி நுழையாது. மேலே படிந்து நின்று சில நாளில் உதிர்ந்துவிடும். ஆதலால் திறத்தல் இன்றியமையாதது. தூசியைத் தூரிகையால் அகற்றி, சீமெந்துப் புட்டியாயின் இடத்தைச் சிறிது நனைத்து, தகட்டை வெடிப்புக்குக் குறுக்காக ஓட்டிப் புட்டியை உள்ளே அழுத்தி, பின் நீளவாக்கில் வழித்துவிடுக. உலரும்போது புட்டியுஞ் சுருங்கும். ஆகவே இரண்டாம் முறையும் நிரப்பி, நன்கு உலர்ந்தபின் அரத்தாளால் மட்டப்படுத்துக. வளையும் சுவரும் சந்திக்கும் கோட்டில் இறுகிய புட்டி நிலையாது; அங்கே நெகிழும் தன்மையுள்ள நிரப்பியை இட்டு, மேலே வலைப்பட்டி ஒட்டுதல் வேண்டும். இவையெல்லாம் முடிந்த பின்னரே பிறைமர் என வழங்கும் அடிப்பூச்சும், அதன்மேல் இரண்டு முறை வர்ணமும் பூசத்தக்கன.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டிய பழைய வீடுகள் பல உள. அவற்றின் வெடிப்புக்களைச் சீமெந்தால் அடைத்தல் நன்றன்று. வன்மையான சீமெந்து மென்மையான சுண்ணாம்போடு இசைந்து அசையாது. ஓரங்களிற் புதிய வெடிப்பை உண்டாக்கும். சுண்ணாம்புச் சாந்திலுள்ள நுண்வெடிப்புக்கள், மழைநீரிற் கரைந்த சுண்ணாம்பு மீண்டும் படிவதால் ஓரளவு தாமாகவே மூடிக்கொள்வதும் உண்டு. அத்தகைய சுவர்களுக்குச் சுண்ணாம்பே மருந்து.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடும். வர்ணத்தில் ஈயத்தின் அளவை வரையறுக்கும் விதி இலங்கையில் 2013 ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய வர்ணத்தை உலர நிலையில் உரஞ்சினால் எழும் தூசி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சுவரை நனைத்தே தேய்க்க வேண்டும். முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளையும் கருவுற்ற தாய்மாரையும் அவ்விடத்திலிருந்து விலக்கி, தூசியை ஈரத்துணியாற் துடைத்தெடுத்தல் வேண்டும்.

வர்ணம் பூசுவது ஒருநாள் வேலை. சுவரை ஆயத்தஞ் செய்வது பலநாள் வேலை. கூலியைக் கணக்கிடும்போது இப்பலநாள் வேலையையே பெரும்பாலும் குறைக்கின்றோம். அங்ஙனம் மிச்சம் பிடித்த பணத்தைப் போல் இருமடங்கு, அடுத்த மாரி கழிந்ததும் அதே சுவருக்குச் செலவாகும் என்பதை வீட்டுக்காரர் எண்ணிப் பார்ப்பாராக.