800-ஆ, 1000-ஆ?

"பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். 800 சி.சி. போதுமா, ஸார்?" புனேயில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. கேட்பவர் மனதில் இருப்பது பெட்ரோல் செலவு. எனக்கு நினைவு வருவதோ பஞ்ச்கனி மலைப்பாதை.

சி.சி. என்பது சிலிண்டர்களுக்குள் பிஸ்டன் போய்வரும் இடத்தின் கன அளவு. 2023-இல் தயாரிப்பு நின்றுபோன ஆல்ட்டோ 800-க்கு 796, கே10-க்கு 998. இடம் பெரிதானால் ஒவ்வொரு முறையும் கூடுதலான காற்றும் பெட்ரோலும் எரியும், இழுவையும் கூடும். இந்த இழுவைக்குத்தான் 'டார்க்' என்று பெயர். முன்னதில் 69 நியூட்டன் மீட்டர். 2022-இல் வந்த கே10-இல் 89. விளம்பரத்தில் பெரிதாகப் போடும் குதிரைசக்தியை விட நமக்கு இதுவே முக்கியம். குதிரைசக்தியின் உச்சம் இன்ஜின் நிமிடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் சுற்று சுற்றி அலறும்போதுதான் கிடைக்கும். நம்மில் யார் அப்படி ஓட்டுகிறோம்?

ஊருக்குள் ஆபீஸ் போய்வர 800 தாராளம்.

குடும்பத்தோடு கிளம்பினால்தான் கதை மாறும். ஐந்து பேர், பைகள், புளியோதரைப் பாத்திரம் எல்லாம் சேர்ந்தால் 350 கிலோ வந்துவிடும். வண்டியின் எடையே ஏறக்குறைய 750 கிலோதான்! ஏசி கம்ப்ரஸரையும் அதே இன்ஜின்தான் சுற்ற வேண்டும். போதாததற்கு, உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தி குறையும்.

என் முதல் வண்டியும் 800 சி.சி.தான். வாயிலிருந்து பஞ்ச்கனிக்கு ஏறும்போது, ஊரில் முந்துகிற நினைப்பில் ஒரு லாரியை முந்தப் போனேன். பாதியில் வண்டி முக்கியது, எதிரே பஸ். பின்வாங்கி லாரிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். வீடு வரும்வரை மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு என்னுடையதுதான். ஏசியை அணைத்து, கியரைக் குறைத்து, லாரிக்குப் பின்னாலேயே போயிருக்க வேண்டும்.

பெரிய இன்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும் என்பதும் முழு உண்மையல்ல. கம்பெனிக் கணக்கில் பி.எஸ்.6 ஆல்ட்டோ 800 லிட்டருக்கு 22.05 கிலோமீட்டர், கியர் மாற்றி ஓட்டும் 2022 கே10, 24.39. சாலையில் இரண்டுமே இதைவிடக் குறைவாகத்தான் தரும். திணறும் சின்ன இன்ஜினை மிதித்து மிதித்து ஓட்டினால் இன்னும் குறையும்.

வாங்குமுன் ஓட்டிப் பார்க்கையில் தரகரோடு மட்டும் போகாதீர்கள். வீட்டார் அத்தனை பேரையும் ஏற்றி, ஏசியைப் போட்டு, ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள். தரகர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பாட்டியையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.