'ஆப்சென்ட்' என்றால் குற்றமா?

மூலனூர்ப் பக்கம் விடிந்தும் விடியாததுமாகப் பனியன் கம்பெனி வேன் வந்து நிற்கிறது. தூக்குப்போசியும் கையுமாகப் பெண்கள் ஏறுகிறார்கள். ஓர் இடம் காலியாக இருக்கிறது.

"அந்த அக்கா எங்கே?" என்கிறார் டிரைவர்.

"அவங்க இன்னிக்கு ஆப்சென்டுங்க."

வேன் புறப்பட்டு விடுகிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் வாசிக்கிறார். வந்த பிள்ளைகள் "உள்ளேன் ஐயா" என்று தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். வராத பையனுக்காகப் பக்கத்துப் பையன்தான் எழுந்து, "ஆப்சென்ட் சார்" என்கிறான். வேடிக்கை பாருங்கள்! 'நான் இப்போது இங்கே ஆப்சென்ட்' என்று ஒருவரும் சொல்ல முடியாது. நமக்காகப் பிறர் சொல்லும் வார்த்தை அது.

இங்கிலீஷ் வாசனையே இல்லாதவர்களும் சரளமாகச் சொல்லும் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? லத்தீன் பாஷையில் 'அப்' என்றால் அப்பால், 'எஸ்ஸே' என்றால் இருத்தல். இரண்டும் சேர்ந்தால் 'அப்பால் இருத்தல்'. அவ்வளவுதான். ஏன் வரவில்லை, யாரைக் கேட்டு நின்றார் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. காய்ச்சலில் கிடப்பவரும் ஆப்சென்ட், சினிமாவுக்குப் போனவரும் ஆப்சென்ட்! ஆனால் நம் காதில் மட்டும் அது ஏதோ குற்றச்சாட்டுப் போல விழுகிறது.

'லீவு' என்பது வேறு. பழைய இங்கிலீஷில் அதற்கு அனுமதி என்று பொருள். கேட்டு, 'சரி' என்ற பதில் வாங்கி நின்றால் லீவு. நாமோ இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். சொல்லாமல் நின்றுவிட்டு, மறுநாள் "நேத்து லீவுங்க" என்கிறோம். மேஸ்திரி முகம் சுளித்தால் வருத்தப்படுகிறோம்.

இங்கிலீஷில் எழுதும்போதும் இதே தகராறுதான். 'ஐ வாஸ் லீவ்' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். 'ஐ வாஸ் ஆன் லீவ்' என்பதே சரி. 'நேற்று வரவில்லை' என்பதற்கு 'ஐ ஆம் ஆப்சென்ட் யெஸ்டர்டே' என்று எழுதக் கூடாது; நேற்றைக்கு 'வாஸ்' வேண்டும். எங்கிருந்து வராமல் போனோம் என்று சொல்ல 'ஃப்ரம்' போட வேண்டும்: 'ஆப்சென்ட் ஃப்ரம் ஸ்கூல்', 'ஆப்சென்ட் ஃப்ரம் ஒர்க்'. 'ஆப்சென்ட்' ஆளின் நிலையைச் சொல்வது. வராமையைச் சொல்ல 'ஆப்சென்ஸ்'. உடம்பு மட்டும் நாற்காலியில் இருந்து, மனசு எங்கோ போய்விட்டால் 'ஆப்சென்ட் மைன்டட்'. (மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.)

வார்த்தை விளையாட்டு இதோடு போகட்டும். சம்பளக் கவரில் அது என்ன செய்கிறது என்பதுதான் குடும்பத்துக்கு முக்கியம். பீஸ் ரேட் வேலையில் கணக்கு சுலபம், தைத்தால் காசு. மாதச் சம்பளத்திலும் ஷிப்ட் கணக்கிலும்தான் வம்பு வருகிறது. ஒரு நாள் வராததற்கு இரண்டு நாள் கூலியைப் பிடித்தால் என்ன செய்வது?

1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இதற்கு 9-வது பிரிவில் பதில் சொல்லியிருந்தது. வராத நேரத்துக்கு என்ன விகிதமோ, அதற்கு மேல் பிடிக்கக் கூடாது. 2019-ம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பிலும் 20-வது பிரிவாக இதே விதி இருக்கிறது. ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலிதான் போகலாம்.

ஒரு விலக்கு உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசிக்கொண்டு, முன்னறிவிப்பும் தக்க காரணமும் இல்லாமல் நின்றுவிட்டால், எட்டு நாள் கூலி வரையில் பிடிக்க இடம் இருக்கிறது. இன்னொரு விநோதமும் அதே பிரிவில் உண்டு. கம்பெனிக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்கிறவர், கண்ணெதிரே இருந்தாலும், சட்டப்படி ஆப்சென்ட்!

இதற்கு நேர் எதிரான சங்கதி 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் மறு வருஷம் சம்பளத்துடன் லீவு என்றது அது. பிரசவத்துக்காக வீட்டில் இருந்த பெண்ணின் 12 வாரம் வரையிலான லீவையும் அந்த 240-ல் வேலை செய்த நாட்களாகவே சேர்த்தார்கள். அந்த நாட்களுக்கென்று தனியாக லீவு சேராது. ஆனால் அவளுக்குரிய லீவு பறிபோகவும் இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்தவர் ஆப்சென்ட். வீட்டில் தொட்டில் ஆட்டியவள் வேலையில் இருந்தாள்!

மூலனூர் அக்காவுக்கு வருவோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முதல் நாள் ராத்திரியே சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டு, அவரும் சரி என்றிருந்தால், வேனில் இருந்தவர்கள் "அவங்க லீவுங்க" என்றிருப்பார்கள். பேரேட்டில் 'ஏ' விழுந்த கட்டத்தில் 'எல்' விழுந்திருக்கும்.