பாய்லர் அருகே இரண்டு மாதம்

ஹிஞ்சேவாடி என்றாலே நம் தமிழ்க் குடும்பங்களுக்கு நினைவுக்கு வருவது கம்ப்யூட்டர் கம்பெனிகள்தான். ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க்கை நம்பியே நம்மில் பலர் இங்கு வந்து குடியேறினோம். ஆகவே பொறியியல் படிக்கும் பிள்ளை "இன்டர்ன்ஷிப் போகிறேன்" என்றால், ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன் உட்காரப் போகிறான் என்றே வீட்டில் எண்ணுகிறோம்.

ஆனால் புனே எரிசக்தித் தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊர். பாய்லர்களும், வெப்பத்தைக் கொண்டே குளிர்ச்சி உண்டாக்கும் இயந்திரங்களும் தயாரிக்கும் தெர்மாக்ஸ் 1966-இல் தொடங்கியது. எத்தனால் ஆலைகளை அமைத்துத் தரும் பிராஜ் 1983-இல் பிறந்தது. காற்றாலைகள் செய்யும் சுஸ்லான் 1995-இல் வந்தது. மூன்றுக்கும் தலைமையகம் புனேதான். இவை தவிர, இத்தொழிலைச் சார்ந்த சிறிய நிறுவனங்கள் பிம்ப்ரி, சிஞ்ச்வாட், போசரி பகுதிகளில் ஏராளம்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு முடித்த கையோடு, கோடை விடுமுறையில் இரண்டு மாதம் அத்தகைய ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற்றேன். அங்கே என்ன கற்றுக்கொண்டேன் என்று சங்கத்துப் பெரியவர்கள் பலர் கேட்டார்கள். அடுத்து வரும் மாணவர்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

குக்கரும் பாய்லரும்

தொழிற்சாலையில் எனக்கு முதலில் காட்டப்பட்டது ஒரு பாய்லர். அதை விளக்க நம் வீட்டுச் சமையலறையே போதும். பிரஷர் குக்கரில் நீராவி வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. அதனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரி வரை சூடாகிறது, பருப்பும் சீக்கிரம் வேகிறது. மேலே வைக்கும் வெயிட் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது அடைத்துக்கொண்டால் மூடியில் உள்ள சேஃப்டி வால்வு காப்பாற்றுகிறது.

பாய்லரும் அதே தத்துவம்தான். ஆனால் அது பல ஆள் உயரம், குக்கரைப் போலப் பல மடங்கு அழுத்தம். சேஃப்டி வால்வு, அழுத்தம் காட்டும் கருவி, உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் ஆகிய மூன்றையும் பார்க்காமல் யாரும் பாய்லர் பக்கத்தில் வேலை தொடங்குவதில்லை. தண்ணீரின் மட்டம் குறைந்தால், நெருப்புப் படும் குழாய்கள் உள்ளே நீரில்லாமல் பழுக்கக் காய்ந்து வலுவிழந்துவிடும். பெரிய விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தியாவில் பாய்லர் சட்டம் பிறந்ததே ஒரு விபத்தினால்தான். 1863-இல் கல்கத்தாவில் பாய்லர் ஒன்று வெடித்துப் பலர் இறந்தனர். அடுத்த ஆண்டே வங்காளத்தில் அதற்கென ஒரு சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1923-இல் வந்தது. அதன் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020 மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் பாய்லர் விபத்துகள் நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். இந்தத் தொழிலில் ஓர் எண்ணைத் தவறாகக் குறித்தால், மதிப்பெண் குறைவதோடு அது முடிவதில்லை.

தண்ணீரால் ஏன் சோதிக்கிறார்கள்?

புதிதாகச் செய்த பாய்லரை நெருப்பு மூட்டிச் சோதிப்பதில்லை. முழுக்கத் தண்ணீர் நிரப்பி, அது தாங்க வேண்டிய அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றுகிறார்கள். இதற்கு ஹைட்ரோ டெஸ்ட் என்று பெயர். அரசு பாய்லர் துறையின் ஆய்வாளர் முன்னிலையில் அது நடந்தபோது நானும் உடனிருந்தேன்.

காற்றை அடைத்துச் சோதித்தால் எளிதல்லவா என்று எனக்கு ஐயம். வழிகாட்டியாக இருந்த பொறியாளர் விளக்கினார். காற்று அமுங்கும். அமுங்கிய காற்றில் ஸ்பிரிங்கில் இருப்பதுபோல ஆற்றல் சேர்ந்திருக்கும். எங்காவது விரிசல் விட்டால் அத்தனையும் ஒரே நொடியில் வெளியே பாய்ந்து இரும்பையே பெயர்த்தெறியும். தண்ணீர் அநேகமாக அமுங்காது. விரிசல் விட்டால் கொஞ்சம் நீர் கசியும், அழுத்தம் உடனே இறங்கிவிடும். இந்தக் காரணத்தை நான் பாடப்புத்தகத்தில் தேடிப் படித்ததில்லை. அன்று வெல்டிங் ஓரங்களை டார்ச் விளக்கடித்து ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்த பிறகு மறக்கவும் இல்லை.

வெப்பத்துக்கு வரவு செலவுக் கணக்கு

இரண்டாம் மாதம், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பாய்லரின் வெப்பக் கணக்கைத் தயாரிக்கும் வேலையில் என்னைச் சேர்த்தார்கள். இது நம் வீட்டு மாதாந்திரக் கணக்கைப் போன்றது. எரிபொருளில் 100 ரூபாய் வெப்பம் உள்ளே போகிறது. நீராவியாகக் கையில் கிடைப்பது 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மீதி 20 ரூபாய் எங்கே? புகைபோக்கி வழியாகப் போனது எவ்வளவு, எரியாமல் சாம்பலோடு போன கரி எவ்வளவு, எரிபொருளின் ஈரத்தை உலர்த்தச் செலவானது எவ்வளவு, சுவர் வழியாக வெளியேறியது எவ்வளவு என்று தனித்தனியே அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

பெரிய திருடன் பெரும்பாலும் புகைபோக்கிதான். அந்தச் சூட்டைப் பிடித்து, பாய்லருக்குள் போகும் தண்ணீரைச் சூடாக்கும் குழாய் அமைப்புக்கு எகனாமைசர் என்று பெயர். புகையின் வெப்பம் 22 டிகிரி குறைந்தால் எரிபொருளில் சுமார் 1 சதவீதம் மிச்சம் என்பது இத்துறையில் எல்லோரும் வைத்திருக்கும் வாய்ப்பாடு.

ஒரு சதவீதம்தானே என்று எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 10 டன் நீராவி தரும் பாய்லர், நடுத்தர ரக நிலக்கரியாக இருந்தால் மணிக்கு ஏறத்தாழ 2 டன் எரிக்கும். புகையை 66 டிகிரி குளிர்வித்தால் 3 சதவீதம் மிச்சம், அதாவது மணிக்கு 60 கிலோ. ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் 360 டன்! 20 டன் ஏற்றும் லாரிகளில் 18 லாரி கரி.

அப்படியானால் முழுச் சூட்டையும் பிடித்துவிடலாமே? அதுவும் முடியாது. எரிபொருளில் கந்தகம் இருக்கிறது. புகை அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் கந்தக அமிலம் துளித்துளியாகப் படிந்து குழாய்களை அரித்துவிடும். சேமிப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இதில்தான் உணர்ந்தேன்.

இந்த அளவுகளை எடுக்க எனக்கு உதவியவர்கள் பாய்லர் இயக்கும் மராட்டியத் தொழிலாளர்கள். அவர்களை எல்லோரும் "காகா" என்றே அழைப்பார்கள். நீராவிக்கு மராட்டியில் "வாஃப்" என்று பெயர். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே காற்று போதுமா, கூடுதலா என்று சொல்லிவிடுவார்கள். கருவி வைத்து அளந்தால் பெரும்பாலும் அவர்கள் சொன்னதே சரியாக இருக்கும். இங்கேயே வளர்ந்ததால் எனக்குக் கொஞ்சம் மராட்டி தெரியும். அந்த மொழிதான் புத்தகத்தில் இல்லாத பாடங்களை எனக்குப் பெற்றுத் தந்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்கும் மதிப்பெண் உண்டு. அதனாலேயே சான்றிதழுக்காகப் பயிற்சி என்ற பழக்கமும் பரவிவிட்டது. பணம் கட்டினால் பயிற்சிக் கடிதம் தருகிறோம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பயிற்சி பெறுபவர் உழைக்கிறார், அவர் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? பிள்ளையைச் சேர்க்கும்முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். தினமும் வழிகாட்டப்போகும் பொறியாளர் யார்? தொழிற்கூடத்துக்குள் அனுமதி உண்டா? ஹெல்மெட், காலணி, பாதுகாப்பு வகுப்பு உண்டா? முடிவில் மாணவன் தானே அளந்து எழுதும் அறிக்கை உண்டா? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்தால், கம்பெனி சிறியதாக இருந்தாலும் தயங்க வேண்டாம்.

பட்டம் முடித்தவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973-இல் செய்த திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொண்டது. அதன்படி ஓராண்டுப் பயிற்சியும் மாத உதவித்தொகையும் கிடைக்கும். இதைக் கவனிக்கும் மண்டல வாரியங்கள் மும்பையிலும் சென்னையிலும் உள்ளன. எரிசக்திச் சேமிப்பில் ஆர்வம் உள்ளவர்கள், அனுபவம் பெற்ற பின் எரிசக்தித் திறன் செயலகம் நடத்தும் எனர்ஜி ஆடிட்டர் தேர்வையும் எழுதலாம்.

சாஃப்ட்வேர் வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர்களும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. ஹிஞ்சேவாடி இருக்கும் முல்ஷி தாலுகாவிலேயே, மேற்கே உள்ள முல்ஷி அணையின் நீர் மலையிலிருந்து கொங்கணப் பக்கம் இறங்கி 1927 முதல் பீரா மின்நிலையத்தை இயக்குகிறது. அந்த அணைக்காக நிலம் இழந்த விவசாயிகள் 1921 முதல் சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாகிரகம் செய்தார்கள். எரிசக்தி எதுவும் இலவசமாக வருவதில்லை. யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். அதில் ஒரு சதவீதத்தைக்கூட வீணாக்காமல் காப்பதும் ஒரு பொறியாளரின் வேலைதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்கி, பிம்ப்ரி, சிஞ்ச்வாட் தொழிற்சாலைகளில் பல ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் மாணவர்களோடு உட்கார்ந்து பேசினால், எந்த நிறுவனத்தில் எப்படிப்பட்ட பயிற்சி கிடைக்கும் என்பது எங்களுக்குத் தெரியவரும். இளைஞர்கள் நாங்கள் வரத் தயாராக இருக்கிறோம்.