திரை கறுத்தால் வட்டை அழிக்காதீர்கள்

லினக்ஸ் நிறுவி முடித்துக் கணினியை மறுபடி இயக்கியதும் வெறும் கறுப்புத் திரை வந்தால், பலரும் உடனே முதலிலிருந்து நிறுவப் போகிறார்கள். கோப்புகள் பறிபோவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் வரைகலைத் திரை, இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு மேலே தனியாக ஓடும் நிரல். 1984-இல் எம்.ஐ.டி.யில் எக்ஸ் விண்டோ பிறந்தபோதும் அப்படித்தான், இன்றைய வேலண்டிலும் அப்படித்தான். திரை விழுந்தாலும் அடியில் மற்றவை ஓடிக்கொண்டிருக்கலாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எழுத்து முனையம் வந்து பயனர்பெயர் கேட்டால் இயங்குதளம் உயிரோடு இருக்கிறது. ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும் பதிவில் காரணம் பெரும்பாலும் எழுதியே இருக்கும். என்விடியா வரைகலை அட்டையுள்ள மடிக்கணினிகளில் அடிக்கடி மாட்டுவது, கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட். உபுண்டு நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த தொடக்கத்தில் வரும் நீலத் திரையில் அதையே கொடுத்துச் சாவியைப் பதிய வேண்டும். ஏதோ பிழை என்று நினைத்து அதைத் தாண்டிப் போனால், கர்னல் என்விடியா இயக்கியை ஏற்காது. கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவுத் திரைக்கே திரும்பினால் கதை வேறு: வட்டு நிரம்பியிருக்கலாம், அல்லது நிர்வாகி உரிமை தரும் சுடோ கட்டளையைப் போட்டுத் திரையைத் தொடங்கியதில் பயனரின் கோப்பு ஒன்று ரூட் என்னும் நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகியிருக்கலாம்.

கட்டளை தெரியாதவருக்கு மறுபடி நிறுவுவதுதானே சுலபம் என்று கேட்கலாம். அதே வன்பொருளில் அதே இயக்கியைப் போட்டால் பெரும்பாலும் அதே கறுப்புதான் திரும்ப வரும். நடுவில் ‘வட்டை அழித்து நிறுவு’ என்பதைத் தொட்டுவிட்டால் பக்கத்துப் பிரிவில் இருந்த விண்டோஸும் சேர்ந்து போகும். பொருள் புரியாத சுடோ கட்டளையை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவதும் இதற்குக் குறைந்த ஆபத்தல்ல. நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவிலேயே, நிறுவாமல் முயன்று பார்க்கும் வசதியில் கணினியைத் தொடங்கி, கோப்புகளை வெளி வட்டுக்கு நகலெடுப்பது யாராலும் முடியும். வட்டு குறியாக்கப்பட்டிருந்தால் மட்டும் அதன் கடவுச்சொல் வேண்டும். நகல் கைக்கு வந்தபின், கிரப் என்னும் தொடக்கப் பட்டியலில் உரிய பதிவைத் திருத்தத் திறந்து, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்துத் தொடங்கினால், மங்கலாகவேனும் திரை வர வாய்ப்பு உண்டு.

அப்படியும் கோப்புகள் போய்விட்டால் இழப்புக்கு யாரைக் கேட்பது? லினக்ஸ் கர்னலின் ஜிபிஎல் உரிமம், உத்தரவாதம் எதுவும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது; எழுதியவர்களைக் கேட்க வழியில்லை. காசு வாங்கிச் சரிசெய்துதரும் கடைக்காரர் நிலை வேறு. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கட்டணச் சேவையின் குறைபாடு புகாருக்கு உரியது, இலவசச் சேவை அதில் வராது. ஆகவே தெரிந்த தம்பி சும்மா செய்துகொடுத்ததில் கோப்பு போனால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. ‘தரவுக்குப் பொறுப்பல்ல’ என்று ரசீதில் அச்சடித்திருக்கிறார்களே என்றால், அந்த ஒரு வரி புகார் செய்யும் உரிமையைப் பறித்துவிடாது. கணினியைக் கொடுக்கும்போதே ‘கேட்காமல் வட்டை அழிக்கக்கூடாது’ என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். குறை நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.