புயல் கடலில் இருக்கும்போதே

ஐப்பசி பிறந்துவிட்டால் கரையோர உழவர்களுக்கு ஒரு காது எப்போதும் வானிலைச் செய்தியில்தான் இருக்கும். கஜாவுக்கு முன்னால் எனக்கு அப்படி இல்லை. வங்கியில் 30 வருஷம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அப்பா விட்டுப்போன தோப்பை இயற்கை முறைக்கு மாற்றி நான்காவது வருஷம். அந்தத் தோப்பில் 120 தென்னைகள். 2018 நவம்பர் 16 விடிந்தபோது 84 கீழே கிடந்தன.

அன்று நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர், இடையிடையே 120 வரை என்பது வானிலைத் துறையின் கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய மரம் 120-ஐயும் தாங்கும் என்று நினைத்தது என் முதல் தப்பு.

காற்று இரண்டு முறை வரும்

நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்பவை. கிழக்கே இருந்து அது நம்மை நோக்கி வரும்போது முதலில் வடக்கேயிருந்து காற்று அடிக்கும். நடுப்பகுதியான கண், நம் தலைக்கு மேல் வந்தால் எல்லாம் ஓய்ந்துவிடும். கண் நகர்ந்ததும் தெற்கேயிருந்து மறுபடி அடிக்கும். வடகாற்றில் வேர் ஆடிப்போன மரங்களை இந்தத் தென்காற்றுதான் சாய்க்கிறது.

அன்று இரவு காற்று ஓய்ந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு தோப்புக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் இருந்தே கத்தினார்: "தம்பி, உள்ளே போங்க! இன்னும் முடியல. தெக்கேருந்து திரும்ப வரும்." அவர் 1952 புயலைப் பார்த்தவர். கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து உறுமல் கேட்டது. நான் நடந்திருக்க வேண்டிய பாதையில் மூன்று மரங்கள் விழுந்து கிடந்ததைக் காலையில்தான் பார்த்தேன்.

கண் நம் ஊர் மேல் வராமலும் போகலாம். கடல் கிழக்கே இருக்கும் ஊர்களில், புயல் நமக்குத் தெற்கே கடந்தால் கிழக்குக் காற்று கடல்நீரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். வடக்கே கடந்தால் காற்று மேற்கிலிருந்து, தரைப் பக்கமாக வீசும். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் கடல் தெற்கே இருப்பதால், பின்னால் வரும் தென்காற்றுதான் அங்கே கடலை உள்ளே தள்ளும்.

மூன்று நாள் கையில் இருக்கிறது

கஜா முதலில் வடக்கே போகும் என்றார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றார்கள். "நமக்கு இல்லையாம்" என்று நானும் இருந்துவிட்டேன். படத்தில் போடுகிற கோடு புயலின் நடுப்புள்ளி போகும் வழிதான். காற்று அதற்கு இரு பக்கமும் வெகுதூரம் வீசும்.

பொதுவாக 72 மணி நேரத்துக்கு முன்பே வானிலைத் துறை உஷார்படுத்திவிடும். 48 மணிக்கு முன் மஞ்சள், 24 மணிக்கு முன் ஆரஞ்சு, 12 மணிக்கு முன் சிவப்பு எச்சரிக்கை. இப்போது நான் இதற்கேற்பத்தான் வேலையைப் பிரித்துக்கொள்கிறேன்.

உஷார் என்றதுமே தென்னைக்குத் தண்ணீரை நிறுத்துகிறேன். ஊறிய மண்ணில் வேருக்குப் பிடிப்பு இருக்காது. முற்றிய காய்களை இறக்கி, அடியில் உள்ள பழுத்த மட்டைகளையும் கனத்த குலைகளையும் கழிக்கிறேன். தலைப்பாரம் குறைந்தால் மரம் ஆடுவது குறையும். பச்சை மட்டைகளை மொட்டையடிப்பதில்லை. மரமேறுபவர்களுக்கு அப்போது கிராக்கி அதிகம் என்பதால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

மஞ்சள் எச்சரிக்கை வந்தால் வாழை. முக்கால் பங்கு முற்றிய தாரை வெட்டிவிட வேண்டும். மற்றவற்றுக்கு மண் அணைத்து, சவுக்குக் கழியால் முட்டு. காற்று இரண்டு திசையிலிருந்தும் வரும் என்பதால் இரு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். நெல் வயலில் வடிகாலைத் திறந்துவிட வேண்டும்.

ஆரஞ்சு வந்தால் விதையும் மாடும். பாரம்பரிய விதைநெல்லை மூடி உள்ள டிரம்மில் போட்டு, வீட்டுக்குள் உயரத்தில் வைக்கிறேன். மரம் போனால் கன்று வாங்கலாம், நாமே காத்துவந்த விதை போனால் கடையில் கிடைக்காது. மாட்டைத் தகரக் கொட்டகையிலோ மரத்தடியிலோ கட்டக் கூடாது. மேட்டில், கெட்டியான சுவர் மறைவில், கயிற்றை அவிழ்த்து விடுவதே நல்லது.

சிவப்பு வந்தபின் தோப்பில் நமக்கு வேலை இல்லை.

மூன்றரை ரூபாய்க் கணக்கு

வங்கியில் இருந்தபோது கடன் வாங்க வந்தவர்களிடம் "காப்பீடு பண்ணுங்க" என்று வாய் வலிக்கச் சொன்னவன் நான். அப்போது இருந்த தென்னைக் காப்பீட்டுத் திட்டத்தில் 16 வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு 14 ரூபாய் பிரீமியம். மத்திய, மாநில அரசுகளின் பங்கு போக, உழவர் கட்ட வேண்டியது மூன்றரை ரூபாய். மரம் போனால் 1,750 ரூபாய். என் தோப்புக்கு வருஷம் 420 ரூபாய்தான். கட்டவில்லை. 1,40,000 ரூபாய்க்கு மேல் அப்படியே போயிற்று. அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தது, அதில் 500 மரத்தை வெட்டி அகற்றவே. புயல் கிளம்பிய பிறகு காப்பீடு எடுக்க முடியாது. இப்போதைய விதிகளை வேளாண் அலுவலகத்தில் கேட்டு, சித்திரையிலேயே முடித்துவிடுங்கள். அடங்கலில் மரக்கணக்கு சரியாக இருக்கிறதா பாருங்கள். தோப்பைச் செல்போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நிவாரணக் கணக்கெடுப்பில் அதுதான் பேசும்.

என் வடக்கு வரப்பில் அப்பா வைத்த ஒன்பது பனைகள் நிற்கின்றன. கஜாவில் ஒன்றுகூட சாயவில்லை, அவற்றை ஒட்டிய தென்னைகளும் பெரும்பாலும் தப்பின. இப்போது தெற்கு வரப்பிலும் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறேன். அவை வளர்ந்து காற்றைத் தடுப்பதை நான் பார்க்க மாட்டேன். அப்பாவும் பார்க்கவில்லை.